பெரியவர்கள் தலைசுற்றி விழுகிறார்களா? நிற்க வைத்து பிரஷர் பாருங்கள்

அம்மாவுக்கு உட்கார்ந்து பார்த்தால் பிரஷர் நார்மல். ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்தால் மட்டும் தலை சுற்றும். காரணம் மாத்திரை டப்பாவில் இருந்தது: சில மாத்திரைகள் எழுந்து நின்றதும் பிரஷரை இறக்கிவிடும். எங்கள் வீட்டில் செய்து பார்த்ததை அப்படியே எழுதுகிறேன்.

1. எல்லா மாத்திரைகளையும் மேஜையில் கொட்டுங்கள்

மெடிக்கல் ஷாப்பில் வாங்கியது, மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வந்தது, சளிக்கு வாங்கிய அவில், எல்லாமே. பிராண்ட் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைத்தான் நோட்டில் எழுத வேண்டும். டெல்மா ஏஎம் என்ற பிரஷர் மாத்திரையில் டெல்மிசார்டனோடு அம்லோடிபினும் இருக்கிறது. கூடவே அம்லாங் போட்டால் அம்லோடிபின் இரண்டு முறை உள்ளே போகும். கடைக்காரர் அட்டையை வெட்டித் தந்தால் பெயர் போய்விடும். முழு அட்டையாகக் கேளுங்கள்.

2. படுக்க வைத்து, நிற்க வைத்து

5 நிமிடம் படுக்கவைத்து ஒரு ரீடிங். எழுந்து நின்ற 1-வது நிமிடத்தில் ஒன்று, 3-வது நிமிடத்தில் ஒன்று. பக்கத்தில் ஒருவர், பின்னால் ஒரு நாற்காலி கட்டாயம். தலை சுற்றினால் உடனே உட்கார வைத்துவிடுங்கள்.

சிக்கல் வருவது கையில்தான். நிற்கும்போது கை தொங்கினால் பிரஷர் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். எழுந்ததும் பிரஷர் இறங்குவது தெரியாமலே போய்விடும். கையை நெஞ்சு உயரத்தில் நீங்கள் தாங்கிப் பிடியுங்கள். அவரே தூக்கிப் பிடித்தாலும் கணக்கு தப்பும். மணிக்கட்டு மெஷின் எனக்குப் பிடிக்காது, மேல்கையில் சுற்றுவதை வாங்குங்கள்.

படுத்திருந்தபோது இருந்ததைவிட மேல் எண் 20-ஓ அதற்கு மேலோ, கீழ் எண் 10-ஓ அதற்கு மேலோ இறங்கினால் டாக்டரிடம் சொல்ல வேண்டிய விஷயம்.

3. சந்தேக மாத்திரைகளை வட்டமிடுங்கள்

எழுந்ததும் பிரஷரை இறக்கவோ, தூக்கக் கலக்கத்தில் தள்ளாட வைக்கவோ கூடியவை இவை: பிராஸ்டேட்டுக்கான டாம்சுலோசின், பிரஷருக்கான பிரசோசின், நீர் பிரிய லாசிக்ஸ், தூக்கத்துக்கு அல்பிரசோலம் அல்லது குளோனசெபம், நரம்பு வலிக்கு அமிட்ரிப்டிலின். அவிலும் தூங்க வைக்கும். நோட்டையும் ரீடிங்கையும் டாக்டரிடம் காட்டுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். தூக்க மாத்திரையைத் திடீரென்று விட்டால் வலிப்புகூட வரலாம்.

பின்சேர்க்கை: படுக்க முடியாதவர்களுக்கு என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். உட்கார வைத்து எழுப்பியும் பார்க்கலாம், ஆனால் இறக்கம் குறைவாகவே தெரியும். அப்புறம், சர்க்கரை நோய்க்கு கிளிமிபிரைடு மாத்திரை போடுகிறவர் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டு மயங்கினால், முதலில் குளூக்கோமீட்டரை எடுங்கள். ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இருந்து, விழுங்கும் நிலையிலும் இருந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். நினைவில்லாவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.