விலங்கும் காட்டுப்பூவும் பார்க்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

சரணாலயத்துக்குப் போய்த் திரும்பியவர்கள் பலரும் சொல்லும் குறை ஒன்றுதான்: "ஒன்றுமே கண்ணில் படவில்லை." பெரும்பாலும் அந்தக் காட்டில் குறை இருக்காது. போன நேரம்தான் தப்பாக இருக்கும்.

சாப்பாட்டை முடித்துக்கொண்டு ஒன்பது மணிக்கு மேல் நிதானமாகக் கிளம்புவார்கள். சிங்கம் ஒரு நாளில் இருபது மணி நேரம் வரை படுத்தே கிடக்கும் விலங்கு. வெயில் ஏறிவிட்டால் யானையும் மானும் நிழலுக்கு ஒதுங்கிவிடும். கதவு திறக்கும்போதே வாசலில் காத்திருப்பவருக்குக் கிடைக்கும் முதல் இரண்டு மணி நேரத்துக்கு ஈடாக, மீதிப் பகல் முழுவதையும் கொடுத்தாலும் நான் வாங்கமாட்டேன்.

பூ விஷயத்தில் இது அப்படியே தலைகீழ். தென்னாப்பிரிக்காவின் நமக்வாலாந்தில் குளிர்கால மழை சரியாகப் பெய்திருந்தால், ஆகஸ்ட், செப்டம்பரில் வறண்ட நிலம் ஆரஞ்சும் வெள்ளையுமாகப் பூத்துவிடும். அந்த டெய்சிப் பூக்கள் பத்து மணிக்கு மேல் விரிந்து, மாலை நான்கு மணிவாக்கில் கூம்பிவிடும். மேகமும் குளிருமான நாளில் விரியாமலே இருந்துவிடுவதும் உண்டு. விலங்கு பார்த்த பழக்கத்தில் விடியற்காலையிலேயே போனவருக்கு வெறும் பச்சைதான் தெரியும். அப்புறம், அவை சூரியனைப் பார்த்தே நிற்கும். வெயில் நம் முதுகில் படும்படி நின்றால் பூவின் முகத்தைப் பார்க்கலாம். எதிர்ப்பக்கம் நின்றால் முதுகைத்தான் பார்க்கலாம். ஒரே நாளில் இரண்டும் வேண்டுமென்றால் விடியலை விலங்குக்கும் நடுப்பகலைப் பூவுக்கும் ஒதுக்குங்கள்.

தேதியையும் விசாரிக்காமல் முடிவு செய்யாதீர்கள். கேப் டவுனுக்கு வடக்கே உள்ள வெஸ்ட் கோஸ்ட் தேசியப் பூங்காவில், பூக்களுக்குப் பேர்போன போஸ்ட்பெர்க் பகுதி ஆகஸ்ட், செப்டம்பரில் மட்டுமே திறந்திருக்கும்.

அடுத்தது வேகம். தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவில் தார்ச்சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டர், மண் சாலையில் 40 என்பது உச்சவரம்பு. அதையே போகவேண்டிய வேகமாகப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த வேகத்தில் புதருக்குள் நிற்கும் சிறுத்தை தெரியாது. ஊர்ந்து போங்கள். அதைவிட நல்லது, ஒரு நீர்நிலை பக்கம் எஞ்சினை அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பது. நமீபியாவின் எட்டோஷாவில் உள்ள ஒக்காகுயேயோ முகாமில் இரவு முழுக்க விளக்கு எரியும் நீர்நிலை ஒன்று இருக்கிறது. அங்கே பேசாமல் உட்கார்ந்திருப்பவர்களைத் தேடி கறுப்புக் காண்டாமிருகமே தண்ணீருக்கு வந்து நிற்கும்.

எனக்கு மிகவும் மனம் நோகும் தவறு, கூட்டமாகச் சூழ்ந்துகொள்வது. சிவிங்கிப்புலி (சீட்டா) பகலில் வேட்டையாடும் விலங்கு. வண்டிகள் சுற்றி நின்றால் அதன் வேட்டை கெடும், குட்டிகள் பட்டினி கிடக்கும். கென்யாவின் மாசாய் மாராவில் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், சுற்றுலா வண்டிகள் அதிகம் வரும் பகுதிகளில் வளர்ந்து ஆளான குட்டிகள் மிகக் குறைவு என்று தெரியவந்தது. ஏற்கெனவே நாலைந்து வண்டிகள் நின்றால் தாண்டிப் போய்விடுங்கள். இழப்பு நமக்கு ஒரு படம்தான்.

யானையிடம் இன்னும் கவனம் வேண்டும். கன்னத்தில் மதநீர் வழிய, பின்னங்கால்கள் சிறுநீரில் நனைந்திருக்க வரும் ஆண் யானைக்கு வழி விட்டு, மெதுவாகப் பின்வாங்குங்கள். தாய்க்கும் குட்டிக்கும் நடுவே வண்டியை எப்போதும் நிறுத்தாதீர்கள்.

இரக்கத்தால் செய்யும் தவறும் உண்டு. 2016இல் அமெரிக்காவின் யெல்லோஸ்டோனில், குளிரில் நடுங்குகிறது என்று நினைத்து ஒரு காட்டெருமைக் கன்றைச் சுற்றிப்பார்க்க வந்தவர்கள் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பிறகு மந்தை அதைச் சேர்த்துக்கொள்ளவே இல்லை. கடைசியில் பூங்காக்காரர்களே அதைக் கொல்ல வேண்டியதாயிற்று. தனியாகக் கிடக்கும் குட்டியைத் தொடாதீர்கள். வனக் காவலரிடம் சொல்லுங்கள், போதும்.

பூவுக்குக் கொம்பு கிடையாது என்பதால் அதனிடம் நமக்கு பயமே இல்லை. 2019 மார்ச்சில் கலிபோர்னியாவின் லேக் எல்சினோர் அருகே பாப்பிப் பூக்கள் மலையை மூடியபோது, படமெடுக்க வந்த கூட்டம் பாதையை விட்டு இறங்கி மிதித்துத் தள்ளியது. ஒரு கட்டத்தில் வழியையே அடைத்தார்கள். மிதிபட்ட செடி விதை விடாது. அடுத்த மழைக்கு அந்த இடத்தில் பூ குறையும். நீலக்குறிஞ்சியை நினைத்துப் பாருங்கள். பன்னிரண்டு ஆண்டு காத்திருந்து ஒரே முறை பூத்து, விதை விட்டு, செத்துப்போகும் செடி அது. 2018இல் மூணாறு மலைகளில் பூத்தது, இனி 2030இல்தான். அதில் ஒரு கொத்தைப் பறிப்பது, அந்தச் செடி வாழ்நாளெல்லாம் சேர்த்துவைத்ததைப் பறிப்பது.

காண்டாமிருகத்தைப் படமெடுத்தால், எடுத்த இடம் படத்தோடு பதிவாகாமல் போனில் அந்த வசதியை அணைத்துவிடுங்கள். வேட்டைக் கும்பலுக்கு அது முகவரி மாதிரி.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். சாலையில் கிடக்கும் யானை லத்தி மேல் வண்டியை ஏற்றாதீர்கள். தென்னாப்பிரிக்காவின் ஆடோ யானைப் பூங்காவில், சாணவண்டுக்கு வழிவிடச் சொல்லிப் பலகையே வைத்திருக்கிறார்கள். அங்கே இருக்கும் பெரிய சாணவண்டுக்குப் பறக்கத் தெரியாது. சக்கரம் வந்தால் தப்பிக்க அதற்கு வழியில்லை. வண்டியை நிறுத்தி, அது உருண்டையை உருட்டிக்கொண்டு சாலையைக் கடக்கும் வரை பாருங்கள்.