புது ஸ்மார்ட்போனுக்கு வழிகாட்டிப் புத்தகம் எங்கே கிடைக்கும்?

புது போன் டப்பாவைத் திறந்தால் சார்ஜிங் கேபிள், சிம் தட்டைக் குத்தித் திறக்கும் ஊசி, அப்புறம் பல மடிப்பாக மடித்த ஒரு தாள். இந்தத் தாளைத்தான் குயிக் ஸ்டார்ட் கைடு என்கிறார்கள். சிம்மை எந்தப் பக்கம் வைக்க வேண்டும் என்ற படத்தைத் தவிர மீதியெல்லாம் வாரண்டியும் எச்சரிக்கையும்தான், அதுவும் பொடி எழுத்தில். முழுக் கையேடு பெரும்பாலும் 100 பக்கத்தைத் தாண்டும், அது டப்பாவில் வராது, நாம்தான் தேடி எடுக்க வேண்டும். ஆனால் இலவசம். அதனால் கடைக்குப் போய்ப் புத்தகம் வாங்குவதற்கு முன் இதை எடுத்துவிடுங்கள்.

முதலில் மாடல் நம்பர். கேலக்ஸி ஏ15 என்று மட்டும் போட்டுத் தேடினால் 4ஜி, 5ஜி இரண்டும் வந்து நிற்கும். செட்டிங்ஸில் அபவுட் போன் என்ற இடத்தில் சரியான நம்பர் இருக்கும், டப்பா ஸ்டிக்கரிலும் இருக்கும். அதே ஸ்டிக்கரில் ஐஎம்இஐ நம்பரும் (ஒவ்வொரு போனுக்கும் தனியாக இருக்கும் அடையாள எண்) இருக்கும், கையேடு தேட அது தேவையே இல்லை, முன்பின் தெரியாத தளம் கேட்டால் கொடுக்காதீர்கள். மாடல் நம்பரைக் கம்பெனியின் சொந்த இணையதளத்தில் சப்போர்ட் பகுதியில் போட்டால் பிடிஎஃப் கிடைத்துவிடும். சாம்சங் என்றால் செட்டிங்ஸின் அடிவரை தள்ளிப் பாருங்கள், டிப்ஸ் என்று ஆரம்பிக்கும் ஒரு வரி இருக்கும், கையேடு அதற்குள் இருக்கும். ஐபோனில் டிப்ஸ் ஆப்புக்குள்ளேயே யூசர் கைடு இருக்கிறது, ஆப்பிள் புக்ஸிலும் இறக்கிக்கொள்ளலாம்.

ஐபோன்காரர்கள் மாடலைவிட ஐஓஎஸ், அதாவது ஐபோனை இயக்கும் மென்பொருளின் பதிப்பைத்தான் கவனிக்க வேண்டும். ஆப்பிள் தளத்தில் கையேட்டைத் திறந்தால் மேலேயே பதிப்பைத் தேர்ந்தெடுக்கலாம். 2025இல் 18க்கு அடுத்து நேராக 26க்குத் தாவிவிட்டார்கள், நடுவில் ஏழு பதிப்பைத் தவறவிட்டோமோ என்று குழம்ப வேண்டாம்.

கையேடு கையில் வந்ததும் முதல் பக்கத்திலிருந்து படிக்க உட்காராதீர்கள், யாராலும் முடியாது. போனின் படம் போட்டு எந்த பட்டன் எது என்று காட்டும் பக்கத்தை மட்டும் நன்றாகப் பார்த்துவிட்டு, மற்றதைத் தேவைப்படும்போது தேடிக்கொள்ளலாம். புதுசாக வாங்கியவர்கள் நிறையப் பேர் முதல் நாளே திணறுவது போனை ஆஃப் செய்வதில்தான். பல சாம்சங் போன்களில் பக்கவாட்டு பட்டனை அழுத்திப் பிடித்தால் ஆஃப் ஆகாது, பிக்ஸ்பியோ ஜெமினியோ (பேசினால் பதில் சொல்லும் உதவி ஆப்கள்) வந்து என்ன வேண்டும் என்று கேட்கும். அந்த பட்டனோடு வால்யூம் குறைக்கும் பட்டனையும் சேர்த்து அழுத்திப் பிடிக்க வேண்டும். இது கையேட்டில் தெளிவாக இருக்கிறது, ஆனால் பவர் பட்டன் என்று தேடினால் சிக்காமல் போகலாம், ஏனென்றால் அவர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் சைடு கீ. அதற்குத்தான் அந்தப் படப் பக்கத்தை முதலில் பார்க்கச் சொன்னேன்.

தமிழில் வேண்டுமென்றால் இணையப் பக்கமாக இருக்கும் கையேட்டை குரோமில் திறந்து தமிழுக்கு மாற்றிக்கொள்ளலாம். மொழிபெயர்ப்பு கொஞ்சம் கரடுமுரடாகத்தான் இருக்கும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். பெரிய சிக்கல் வேறு: மெனு பெயர்களையும் சேர்த்துத் தமிழாக்கிவிடும், உங்கள் போன் ஆங்கிலத்தில் இருந்தால் கையேட்டில் படித்த வார்த்தை திரையில் எங்கேயும் இருக்காது. போனையும் தமிழுக்கு மாற்றிவிடுங்கள், இல்லையா, இரண்டையும் ஆங்கிலத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

அச்சுப் புத்தகம்தான் வேண்டும், கண் வலிக்காமல் படிக்க வேண்டும் என்பவர்கள் அட்டைப்படத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். உள்ளே பதிப்பு விவரம் இருக்கும் பக்கத்தைத் திருப்பி ஆண்டைப் பாருங்கள். ஆண்ட்ராய்டு 14 வந்தது 2023இல், 15 வந்தது 2024இல், 16 வந்தது 2025இல். வருஷத்துக்கு ஒன்று என்னும்போது நாலு வருஷத்துக்கு முந்தைய புத்தகத்தில் உள்ள திரைப் படங்கள் உங்கள் போனோடு ஒத்துப்போகாது. போனில் போடும் அக்கவுண்ட் என்றால் என்ன, பேக்கப் ஏன் எடுக்க வேண்டும் மாதிரி அடிப்படை விஷயங்களுக்குப் பழசும் பரவாயில்லை. சென்னையில் இருப்பவர்கள் எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் புரட்டிப் பார்த்துவிட்டு வாங்கலாம். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் புத்தகங்களின் பிரதி அங்கே போக வேண்டும்.

யூடியூபில் தேடும்போது மாடல் பெயரோடு தமிழ் என்று சேர்த்துப் போடுங்கள், வீடியோ வந்த தேதியையும் பாருங்கள். அன்பாக்ஸிங் வீடியோ இதற்கு உதவாது.

கையேடு தருகிறோம், இந்த ஆப்பை முதலில் இன்ஸ்டால் பண்ணுங்கள் என்று சொல்லும் தளத்தை அப்படியே மூடிவிடுங்கள். தேடலில் வரும் கஸ்டமர் கேர் நம்பர்களில் போலிகள் உண்டு, கம்பெனி தளத்தில் இருக்கும் நம்பருக்கு மட்டும் கூப்பிடுங்கள். திரையைப் பகிரும் ஆப் போடச் சொன்னால் உடனே போனை வைத்துவிடலாம். அதற்குள் பணம் போய்விட்டது என்றால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அடியுங்கள்.