அம்மாவோடு ஆப்பிரிக்கா: தை அறுப்பு முடிந்ததும் கிளம்புங்கள்

எங்கள் வீட்டில் ஆப்பிரிக்கா பைத்தியம் இரண்டு பேருக்கு, அம்மாவுக்கும் எனக்கும். ஆனால் மன்னார்குடி பக்கம் கொஞ்சம் நஞ்சை இருக்கிறது. மேட்டூரில் தண்ணீர் விட்டதிலிருந்து தை அறுப்பு முடியும்வரை அம்மா வரப்பைவிட்டு வரமாட்டார். ஏஜென்டைக் கேட்டால் ஜூலையிலிருந்து அக்டோபருக்குள் கென்யாவின் மாசாய் மாரா காட்டுக்குப் போங்கள், வில்டபீஸ்ட் (மாடு மாதிரி இருக்கும் மான் இனம்) கூட்டம் ஆற்றைக் கடக்கும் என்பார். அது நாற்றும் நடவுமாக இருக்கும் நேரம். நடக்காத காரியம்.

மாசியில் போங்கள். அதே கூட்டம் அப்போது தான்சானியாவில், செரங்கெட்டி தேசியப் பூங்காவுக்குத் தெற்கே இண்டுட்டு புல்வெளியில் கன்று போட்டுக்கொண்டிருக்கும். கன்று விழுந்த சில நிமிடங்களில் எழுந்து ஓடும். எங்கள் ஓட்டுநர் சிறுத்தையைக் காட்டக் கூப்பிட, அம்மா நகரவில்லை. “நஞ்சுக்கொடி விழட்டும்டி, அப்புறம் போகலாம்.” விழுந்த பிறகுதான் போனோம். கையோடு மாராவையும் பார்க்க நினைத்தால், அங்கே ஒரு நாள் நுழைவுக் கட்டணம் ஜூன் வரை ஆளுக்கு 100 டாலர், ஜூலையிலிருந்து 200. மாசியில் பாதிக் காசு மிச்சம்.

திருச்சியிலிருந்து நேர் விமானம் கிடையாது. சென்னை, மும்பை வழியாக நைரோபி போய், அங்கிருந்து நமங்கா எல்லை தாண்டி சாலையிலேயே தான்சானியாவின் அரூஷா நகரம் சேரலாம். கென்யாவுக்கு இ-டிஏ (முன்கூட்டியே வாங்கும் பயண அனுமதி), தான்சானியாவுக்கு இ-விசா, இரண்டுக்கும் ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம்.

மஞ்சள் காய்ச்சல் ஊசியைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். போட்டு 10 நாள் கழித்துத்தான் அந்தச் சான்றிதழ் செல்லும்; அப்புறம் ஆயுசுக்கும் போதும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். அம்மாவுக்கு 60 தாண்டியிருந்தால் முதலில் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், மலேரியா மாத்திரையையும் சேர்த்து. சான்றிதழ் இல்லாமல் திரும்பினால் இங்கே 6 நாள் வரை தனியாக வைத்துவிடுவார்கள்.

துணியில் கருநீலமும் கறுப்பும் வேண்டாம், செட்சி ஈ அந்த நிறங்களைத் தேடி வந்து கடிக்கும். தான்சானியாவின் இங்கோரோங்கோரோ எரிமலைப் பள்ளத்தின் விளிம்பு கிட்டத்தட்ட ஊட்டி உயரம், விடியற்காலை நடுங்கும். மங்கி குல்லாவை வைத்து அம்மாவைக் கிண்டல் செய்தால் பிறகு நீங்களே கடன் கேட்க வேண்டியிருக்கும்.

சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம். கென்யாவில் ‘இண்டெங்கு’ கேளுங்கள், பச்சைப்பயறுக் குழம்புதான்; சப்பாத்தியும் கிடைக்கும். உகாலி என்பது கெட்டியான மக்காச்சோளக் களி, கொஞ்சம் சப்பென்று இருக்கும். எங்கள் வீட்டுப் புளிக்காய்ச்சலோடு அம்மா அதை ஒரு பிடி பிடித்தார். புளிக்காய்ச்சல், பொடி எல்லாவற்றையும் எவர்சில்வர் டப்பாவில் அடைத்து மஞ்சப்பையில் வையுங்கள். இரண்டு நாட்டிலும் பாலித்தீன் பைக்குத் தடை, கென்யாவில் 2017-லிருந்து, தான்சானியாவில் 2019-லிருந்து.

வண்டி விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். கூரை திறக்கும் லேண்ட் குரூசர்தான் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். படி உயரம், மூட்டு வலி இருந்தால் ஏறுவதற்கு ஒரு சின்ன முக்காலி கேட்டு வாங்குங்கள். பின்சீட்டில் தூக்கிப் போடும், அம்மாவை நடு வரிசையில் உட்கார வையுங்கள். காட்டுக்குள் நினைத்த இடத்தில் இறங்க விடமாட்டார்கள் என்பதால், வழியில் கழிப்பறை எங்கெங்கே என்று கிளம்பும்போதே ஓட்டுநரிடம் கேளுங்கள், கூச்சப்படாமல். இந்தப் பயத்தில் அம்மாக்கள் தண்ணீரே குடிக்காமல் உட்கார்ந்திருப்பார்கள்; பாட்டிலைக் கையில் கொடுத்துக்கொண்டே இருங்கள்.