பாஸ்டலைத் தேய்க்காதீர்கள், கோடாக இடுங்கள்

பாஸ்டலில் (வண்ணத்தூளை இறுக்கிச் செய்த குச்சிகள்) இரண்டு நிறங்களைக் கலக்க விரலால் தேய்க்க வேண்டாம். முதல் நிறத்தின் மேல் அடுத்ததை இடைவெளி விட்டுச் சாய்கோடுகளாகப் போடுங்கள். சில குச்சிகளே போதும், பெரிய பெட்டி வாங்கத் தேவையில்லை.

தேய்த்தால் தாளின் சொரசொரப்பில் தூள் அடைத்துக்கொண்டு நிறம் மங்கும், அடுத்த பூச்சும் பிடிக்காது. கோடுகளாக இட்டால் அடிநிறம் இடையிடையே தெரியும். எட்ட நின்று பார்க்கும்போது கண்ணே இரண்டையும் கலந்துகொள்ளும். பிரெஞ்சு ஓவியர் எட்கர் தெகா 1880களில் பாஸ்டலில் வரைந்த குளிக்கும் பெண்களைப் பாருங்கள்: தோல் நிறத்தின் மேல் பச்சையும் நீலமும் கோடுகோடாக ஓடும். அந்தக் கோடுகளே முதுகின் வளைவையும் காட்டிவிடுகின்றன, எனக்கு அதுதான் பேரழகு.

வழவழப்பான தாளில் இது எடுபடாது. மூடுபனி, குழந்தையின் கன்னம் போன்ற இடங்களில் மெல்லத் தேய்ப்பதே சரி.