வெரிகோஸ் வெயின்: லேசரா, பசையா, ஃபோமா?

காலில் நெளிந்து புடைத்திருக்கும் நாளத்தை (வெரிகோஸ் வெயின்) மட்டும் எடுத்தால் சில காலத்தில் பக்கத்திலேயே இன்னொன்று புடைக்கும். கோளாறு பெரும்பாலும் மேலே, தொடையின் உட்புறம் ஓடும் பெரிய சஃபீனஸ் நாளத்தில் இருக்கும். அதன் வால்வுகள் மூடாததால் ரத்தம் கீழ்நோக்கித் திரும்புகிறது. அதனால் முதலில் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டூப்ளெக்ஸ் டாப்ளர் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன், அதுவும் நிற்கவைத்து. படுத்த நிலையில் மட்டும் பார்த்தால் கசிவு தப்பிவிடும். கெண்டைச்சதையை அழுத்தி விட்டபின் ரத்தம் 0.5 நொடிக்கு மேல் பின்னோக்கி ஓடினால் வால்வு பழுது. எந்த நாளம், எங்கிருந்து எதுவரை, எவ்வளவு விட்டம், தசைக்குள் ஓடும் ஆழ்நாளத்தில் ரத்தக்கட்டி உண்டா என்பதெல்லாம் அறிக்கையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

பழுதான நாளம் ஓரளவு நேராக ஓடினால், அதை உள்ளிருந்தே சுட்டு மூடும் வெப்ப முறைதான் (லேசர் அல்லது ரேடியோ அலை) முதல் தேர்வு. லேசருக்கும் ரேடியோ அலைக்கும் பலனில் பெரிய வித்தியாசமில்லை. செய்பவரின் கைப்பழக்கம்தான் முக்கியம். ரேடியோ அலையில் பரவலாகப் பயன்படும் கதீட்டர் (நாளத்துக்குள் செலுத்தும் மெல்லிய குழாய்) 7 செ.மீ. நீளத்தை 120 டிகிரி செல்சியஸில் 20 நொடி சுட்டு, அடுத்த பகுதிக்கு இறங்கும். அதற்குமுன் நாளத்தைச் சுற்றி, செ.மீ.க்குச் சுமார் 10 மி.லி. வீதம் நீர்த்த மரப்பு மருந்தை ஏற்றுவார்கள். மரத்துப்போகச் செய்வதோடு நாளத்தைக் கதீட்டரோடு ஒட்ட அழுத்துவதும், தோலையும் உணர்வு நரம்பையும் சூட்டிலிருந்து காப்பதும் அதுதான். சிகிச்சையில் வலிப்பதும் இந்த ஊசிகள்தான். கதீட்டரின் முனை, இந்த நாளம் ஆழ்நாளத்தில் சேரும் தொடைஇடுக்குச் சந்திப்புக்குச் சுமார் 2 செ.மீ. கீழே நிற்க வேண்டும். நெருங்கினால் ரத்தக்கட்டி ஆழ்நாளத்துக்குள் நீளலாம். முழங்காலுக்குக் கீழே நரம்பு ஒட்டியே ஓடுவதால், அங்கே சுட்டால் மரமரப்பு தங்கிவிடக்கூடும்.

நாளத்தை உள்ளே ஒட்டி மூடும் பசை முறையில் சூடு கிடையாது, சுற்றிலும் குத்தும் ஊசிகளும் கிடையாது. ஆனால் பசை உள்ளேயே தங்கும். சில நாள் கழித்துத் தொடையில் சிவந்து அரிக்கலாம். செயற்கை நகப் பசை ஒவ்வாதவர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும்.

கதீட்டர் நுழையாத நெளிவுகளுக்கும், காலில் புண் இருந்தால் அதைச் சுற்றியுள்ள நாளங்களுக்கும் ஃபோம், அதாவது நாளத்தை மூடவைக்கும் நுரை ஊசி. ஒரு பங்கு மருந்தோடு நான்கு பங்கு காற்று, இரண்டு சிரிஞ்சுகளுக்கிடையே சுமார் 20 முறை தள்ளி, நுரைத்ததும் உடனே செலுத்துவார்கள். ஒரு அமர்வில் 10 மி.லி.யைத் தாண்டாமலிருப்பது நல்லது. பெரிய நாளம் மீண்டும் திறந்துகொள்வது வெப்ப முறையைவிட இதில் அதிகம். தோலில் பழுப்புக் கறை மாதக்கணக்கில் நிற்கலாம். இதயத்தில் துளை உள்ளவர்களும், கண்ணில் ஒளி மின்னும் ஒற்றைத் தலைவலிக்காரர்களும் மறைக்கக் கூடாது.

கர்ப்பகாலத்தில் இவை எதுவும் வேண்டாம். அழுத்தக் காலுறை போதும். தமனி அடைப்புள்ள காலுக்கு அந்தக் காலுறையே ஆபத்து, பாதத் துடிப்பைப் பார்த்துவிட்டே போட வேண்டும்.

சிகிச்சை முடிந்ததும் எழுந்து நடக்க வேண்டும். ஒரு வாரம் கழித்துத் தொடையில் கயிறு இழுப்பதுபோல் இறுக்கம் தெரிந்தால், அது மூடிய நாளம் சுருங்குவது. கால் முழுக்க வீங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ, நெஞ்சு வலித்தாலோ உடனே அவசர சிகிச்சைப் பிரிவு. மிச்சமிருக்கும் சிறு புடைப்புகளுக்கு ஊசி போட அவசரப்பட வேண்டாம். 6 முதல் 12 வாரத்தில் பல தானாகவே வடிந்துவிடும்.