வீட்டுக்கும் ரேஸ் டிராக்குக்கும் ஒரே பிரேக்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து செட்டிபாளையம் காரி ஸ்பீட்வே ரேஸ் டிராக்குக்கு என் ஸ்போர்ட்ஸ் காரிலேயே போய், அங்கே ஓட்டிவிட்டு, அதிலேயே திரும்புவேன். சில சுற்றுகளிலேயே பிரேக் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கியது. பேட், டிஸ்க் இரண்டும் நன்றாக இருந்தன. பிரேக் ஆயில்தான் கறுத்திருந்தது. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும்; புதிய டாட் 4 (பிரேக் ஆயிலில் ஒரு தரம்) 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறினால் கொதிநிலை 155 வரைகூட இறங்கலாம். அப்புறம் பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பருக்குள் ஆவிக் குமிழி, பெடலில் அழுத்தமே இராது.

பழையதை முழுக்க வடித்து, புதிய ஆயில் ஊற்றினோம். நண்பர் பெடலை மிதிக்க, நான் காலிப்பரில் ஆயில் வெளியேறும் நிப்பிளைத் திறந்து மூட, குழாயில் குமிழி நிற்கும்வரை ஒவ்வொரு சக்கரத்திலும் ஏர் எடுத்தோம். பெடல் இறுகிவிட்டது.

ரேஸ் பேட் மட்டும் வேண்டாம் என்றுவிட்டேன். அது சூடேறினால்தான் நன்றாகப் பிடிக்கும். நெல்லியாம்பதி மலை இறக்கத்தில், காலைக் குளிரில், எனக்கு முதல் மிதியிலேயே பிடிக்க வேண்டும்.