குடல் அறுவைக்குப் பின் திசு ஆய்வறிக்கையைப் படிப்பது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலிருந்து ஈப்போவுக்குப் போய்ப் பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டு திரும்புவோரிடம், டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டால், "ரெண்டாம் ஸ்டேஜாம்" என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். கட்டம் முக்கியம்தான். ஆனால் இரண்டாம் கட்டத்திலேயே இருக்கும் இருவரில் ஒருவருக்கு நோய் திரும்பும் வாய்ப்பு மிகக் குறைவாகவும் மற்றவருக்குக் கணிசமாகவும் இருக்கக்கூடும் என்பதால், வெட்டியெடுத்த குடலை நுண்ணோக்கியில் ஆராய்ந்து எழுதிய திசு ஆய்வறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கி, மருத்துவரைப் பார்க்கும் அடுத்த தவணைக்கு முன் படித்துவிடுங்கள். அது ஆங்கிலத்தில் இருக்கும். வீட்டில் படித்த பிள்ளையை உடன் வைத்துக்கொள்ளலாம்.

முதலில் 'டி' (T) என்ற எழுத்தை அடுத்துள்ள எண்ணைத் தேடுங்கள். கட்டி குடற்சுவரில் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதை அது காட்டும். டி1, டி2 என்றால் தசை அடுக்கைத் தாண்டவில்லை. நெறிக்கட்டிகளிலும் (நிணநீரை வடிகட்டும் சிறு முடிச்சுகள்) பரவவில்லையென்றால் அது முதற்கட்டம், இத்தகையவர்களில் ஐந்தாண்டுக்குப் பின்னும் உயிருடன் இருப்போர் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல். டி3 தசையைத் தாண்டியது. டி4 குடலின் வெளிப்புற உறையையே துளைத்தது அல்லது அடுத்த உறுப்புக்குள் ஊடுருவியது. டி3, டி4 ஆக இருந்தும் நெறிக்கட்டிகளில் பரவாதது இரண்டாம் கட்டம், அவற்றில் பரவியது மூன்றாம் கட்டம். இரண்டாம் கட்டத்திலும் டி4-ஐத்தான் மருத்துவர்கள் அதிகக் கவலையோடு பார்க்கிறார்கள்.

அடுத்தது நெறிக்கட்டிகளின் கணக்கு. "0/14" என்று எழுதியிருந்தால், பதினான்கு நெறிக்கட்டிகளைச் சோதித்ததில் ஒன்றிலும் புற்று இல்லை என்று பொருள். எல்லோரும் அந்தப் பூஜ்யத்தைப் பார்த்து மகிழ்கிறார்கள். என் கருத்தில் கவனிக்க வேண்டியது கோட்டுக்குக் கீழுள்ள எண்தான். குறைந்தது 12 நெறிக்கட்டிகளையாவது சோதித்திருக்க வேண்டும். "0/6" என்றிருந்தால், பரவவில்லை என்று உறுதியாகச் சொல்ல அது போதாது; இன்னும் தேடிப் பார்க்க முடியுமா என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

இரத்தக் குழாயிலோ நிணநீர்க் குழாயிலோ நரம்போரத்திலோ புற்றணுக்கள் புகுந்திருப்பதும், வெட்டிய விளிம்பில் புற்று எஞ்சியிருப்பதும், அணுக்கள் இயல்பான உருவை மிகவும் இழந்திருப்பதும் ஆபத்தைக் கூட்டும் குறிகள். அறிக்கையில் இல்லாத இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குடல் அடைத்தோ துளைபட்டோ அவசரமாக அறுவை நடந்ததா? அறுவைக்கு முன் எடுத்த இரத்தச் சோதனையில் சி.இ.ஏ. (CEA, குடற்புற்று இருந்தால் இரத்தத்தில் கூடக்கூடிய ஒரு புரதம்) அளவு 5-ஐத் தாண்டியிருந்ததா? (புகைப்பவர்களுக்கு இது நோயில்லாமலும் சற்று உயரும்.)

எம்.எம்.ஆர். (MMR) என்ற சோதனையைத் தனியாகக் கேளுங்கள். உயிரணு பிரியும்போது மரபணுவில் நேரும் பிழைகளைத் திருத்தும் புரதங்கள் கட்டியில் இருக்கின்றனவா என்று பார்ப்பது அது. அவை இல்லையென்றால் கேட்கவே பயமாக இருக்கும், ஆனால் இரண்டாம் கட்டத்தில் அது பெரும்பாலும் நல்ல செய்தி. நோய் திரும்பும் வாய்ப்பு குறைவு. ஃபுளோரோயூராசில் வகைக் கீமோ மருந்தைத் தனியாகக் கொடுப்பதால் அவர்களுக்குப் பயனும் இல்லை. இதைப் பார்க்காமல் கீமோ வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுப்பது அரைகுறை வேலை. சிலருக்கு இந்தக் குறை பரம்பரையாக வந்திருக்கலாம் என்பதால், குடும்பத்தாருக்கும் சோதனை தேவையா என்று அதே தவணையில் கேட்டுவிடுங்கள்.

நோய் திரும்பினால் பெரும்பாலும் முதல் மூன்றாண்டுகளுக்குள் திரும்பும். எனவே இரண்டாம் கட்டத்தினருக்கு முதல் இரண்டாண்டு 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை சி.இ.ஏ. சோதனையும், மருத்துவர் சொல்லும் காலத்தில் சி.டி. ஸ்கேனும், ஓராண்டு முடிவில் குடல்நோக்கிச் சோதனையும் வழக்கம். ஒரு நாள் சம்பளம் போகிறதே என்று தவணையைத் தள்ளிப்போடுவது நம் தோட்டப்புறங்களில் சாதாரணம், மேலாளரிடம் எம்.சி. (மருத்துவ விடுப்புச் சீட்டு) கொடுத்துவிட்டுப் போய்வருவதே இலாபம். கீமோ முடித்த மூன்றாம் கட்டத்தினரிடமும் ஆபத்து மிகுந்த இரண்டாம் கட்டத்தினரிடமும் நடத்தி 2025-இல் வெளியான ஆய்வொன்றில், மூன்றாண்டுகள் முறையாக உடற்பயிற்சி செய்தவர்களுக்கு நோய் திரும்புவது குறைந்தது. வெயில் தாழ்ந்த பிறகு லயத்துச் சாலையில் வேகமாக நடப்பதற்குக் காசு கேட்பாரில்லை.

நோயாளியின் உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் மலத்தில் இரத்தம் வந்தால் மூலம், சூடு என்று தாமே முடிவுகட்டி இளநீர் குடித்துக்கொண்டிராமல், இரத்தம் வராவிட்டாலும் 40 வயதிலோ, குடும்பத்தில் நோய் கண்டவரின் அன்றைய வயதுக்குப் பத்தாண்டு முன்னதாகவோ, எது முந்துகிறதோ அப்போது, கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார நிலையம்) குடல்நோக்கிச் சோதனைக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்கலாம்.